இரைப்பை வாய் அடைப்பு: அப்பாவுக்கு ஸ்டெண்ட் வைப்பதா, அறுவை சிகிச்சை செய்வதா?

கேள்வி: குலசேகரம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 67 வயது ஆகிறது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டி எங்களை ஆளாக்கியவர். கடந்த சில மாதங்களாகவே இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று கையைக் கழுவிவிடுவார். வாயுக் கோளாறு என்று எண்ணி, இஞ்சிக் கஷாயமும் மருந்துக்கடை மாத்திரையுமாக நாட்கள் போயின. பிறகு வாந்தி தொடங்கியது. அதுவும் உண்ட உடனே வருவதில்லை. பல மணி நேரம் கழித்து, புளித்த வாடையோடு வரும். முந்தின நாள் மதியம் உண்ட மரச்சீனிக் கிழங்கின் துண்டுகள் மறுநாள் காலையில் அப்படியே வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்.

வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்தபோது, இரைப்பையின் கீழ்ப்பகுதியில், உணவு சிறுகுடலுக்கு இறங்கும் வாயை ஒட்டிக் கட்டி இருப்பது தெரிந்தது. சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியானது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலிலும் சில இடங்களில் பரவியிருப்பது தெரிந்ததால், கட்டியை அகற்றும் கட்டம் கடந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இப்போது மூக்கு வழியாக ரைல்ஸ் குழாய் போட்டு, இரைப்பையில் தேங்குவதை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், குளுக்கோஸ் ஏறுகிறது.

எங்கள் முன்னால் வைக்கப்பட்டுள்ள வழிகள் இரண்டு. எண்டோஸ்கோப்பி வழியாகவே அடைப்புக்குள் உலோக ஸ்டெண்ட் ஒன்றை வைப்பது ஒன்று. இரைப்பையை அடைப்புக்கு அப்பாலுள்ள சிறுகுடல் பகுதியோடு இணைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை மற்றொன்று. திருவனந்தபுரத்தில் வேறு புதிய முறை ஒன்றும் இருப்பதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். நிரந்தரமான வழியாக அறுவை சிகிச்சையையே செய்துவிடலாம் என்பது அண்ணனின் எண்ணம். இந்த உடம்பில் இனிக் கத்தி படக்கூடாது என்கிறார் அம்மா. அப்பாவோ, தொண்டை நனைய ஒரு வாய் கஞ்சி இறங்கினால் போதும் என்று மட்டும் சொல்கிறார்.

ஸ்டெண்ட் வைத்தால் உண்மையிலேயே உண்ண முடியுமா, எவ்வளவு நாள் அது தாக்குப்பிடிக்கும், எதைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதை, அனுபவப்பட்டவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் தயவுசெய்து விளக்க வேண்டும்.

பதில்: குடல்நோய் மருத்துவர், நாகர்கோவில்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் தந்தையின் ஸ்கேன் படங்களைப் பார்க்காமல் இதைத்தான் செய்யுங்கள் என்று நான் சொல்வது முறையாகாது. ஆனால் உங்கள் மருத்துவர் எந்தெந்தக் கணக்குகளை மனத்தில் போட்டுப் பார்க்கிறார் என்பதை விளக்க முடியும். அது தெரிந்தால் அவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க உங்களுக்கு எளிதாக இருக்கும்.

முதலில் ஸ்டெண்ட் என்பது என்ன என்று பார்ப்போம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கம்பியால் பின்னப்பட்ட வலைக்குழாய் அது. மெல்லிய உறைக்குள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். எண்டோஸ்கோப்பைக் கட்டி வரை கொண்டுசென்று, முதலில் ஒரு மெல்லிய வழிகாட்டிக் கம்பியை அடைப்பின் இடுக்கு வழியாக அப்பால் செலுத்துவோம். கம்பி சரியான பாதையில் சிறுகுடலுக்குள் போயிருக்கிறதா என்பதை எக்ஸ்-ரே திரையில் சாய மருந்து செலுத்தி உறுதி செய்துகொண்ட பின், அந்தக் கம்பியின் மேலாக ஸ்டெண்டை ஏற்றி, கட்டியின் இரு முனைகளையும் தாண்டி நிற்கும்படி வைத்து உறையை இழுப்போம். மடக்கிய குடை விரிவதுபோல அது தானாகவே விரியத் தொடங்கும். முழு அளவுக்கு விரிய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகலாம். முழுமையாக விரிந்தால் அதன் உள்விட்டம் ஏறத்தாழ 18 முதல் 22 மில்லிமீட்டர் வரை இருக்கும். வயிற்றைக் கிழிப்பதில்லை, தையல் இல்லை, பெரும்பாலானோருக்கு மறுநாளே நீராகாரம் தொடங்க முடியும். உங்கள் அம்மாவின் அச்சத்துக்கு இதில் ஆறுதல் உண்டு.

ஸ்டெண்டைச் சரியான இடத்தில் வைப்பது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் வெற்றியாகவே முடிகிறது. ஆனால் வைத்ததனால் உணவு இறங்குகிறதா என்று கேட்டால், அந்த எண்ணிக்கை சற்றுக் குறைகிறது. காரணம், வழி திறந்தாலும் உணவைத் தள்ளும் வலு இரைப்பைத் தசைகளுக்கு வேண்டும். நீண்ட நாள் அடைப்பில் விரிந்து தளர்ந்துபோன இரைப்பையும், நரம்புகளில் புற்று ஊடுருவிய இரைப்பையும் மந்தமாகவே இயங்கும். இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. வயிற்றின் உள்ளுறையில் நோய் பரவியிருந்தால், கீழே சிறுகுடலில் இரண்டாவது, மூன்றாவது இடங்களிலும் அடைப்பு இருக்கலாம். மேலே ஒரு கதவைத் திறந்துவிட்டுக் கீழே வழி மூடியிருந்தால் பயன் இராது. ஆகவே, சி.டி. ஸ்கேனில் அடைப்பு ஓரிடத்தில் மட்டும்தானா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்ற இரண்டையும் உங்கள் மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். என் பார்வையில், ஸ்டெண்டா அறுவையா என்ற கேள்விக்கே இதற்குப் பிறகுதான் இடம்.

இப்போது அண்ணனின் வாதத்துக்கு வருவோம். இரைப்பையையும் சிறுகுடலையும் இணைக்கும் அறுவை சிகிச்சை மிகப் பழையது. வியன்னாவில் வோல்ஃப்ளர் என்ற அறுவை மருத்துவர் 1881ஆம் ஆண்டில், இரைப்பையின் கீழ்வாயை அடைத்த புற்றுநோய்க்காகவே இதை முதன்முதலில் செய்தார். கட்டியைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு உணவுக்குப் புதிய வழி அமைக்கும் முறை இது. கட்டி வளர்ந்தாலும் புதிய வழி எளிதில் அடைபடாது என்பதே இதன் பலம். நெதர்லாந்தில் 39 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துச் செய்து, 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஸ்டெண்ட் வைத்தவர்கள் விரைவாக உண்ணத் தொடங்கினார்கள், மருத்துவமனையிலும் குறைந்த நாட்களே இருந்தார்கள். ஆனால் மாதங்கள் செல்லச்செல்ல அறுவை செய்துகொண்டவர்களே நன்றாக உண்டார்கள், ஸ்டெண்ட் வைத்தவர்களுக்கு மறு சிகிச்சை அதிகம் தேவைப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு மேல் உயிர்வாழ்வார் என்று எதிர்பார்க்கக்கூடிய, உடல்வலு உள்ள நோயாளிக்கு அறுவையும், அதற்குக் குறைவாகவே காலம் இருப்பவருக்கு ஸ்டெண்டும் பொருந்தும் என்பது அவர்களின் முடிவு. சிறிய ஆய்வுதான் என்றாலும், இன்றளவும் பலர் இந்த அளவுகோலை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறோம்.

உங்கள் உறவினர் சொன்ன புதிய முறையும் கற்பனையன்று. எண்டோஸ்கோப்பின் முனையிலேயே அல்ட்ராசவுண்டு பொருத்திய கருவியால் இரைப்பைக்குள்ளிருந்து சிறுகுடலைப் பார்த்து, இரண்டின் சுவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் வேறு வகை ஸ்டெண்டை அங்கே வைத்து, கத்தியில்லாமலேயே இணைப்பை உண்டாக்குவது அது. கட்டிக்குள் வைக்கப்படாததால் கட்டி அதற்குள் வளர்ந்து அடைப்பதில்லை. ஹாங்காங் மருத்துவர்கள் முன்னின்று பல நாடுகளில் 97 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குள் மறு சிகிச்சை தேவைப்பட்டவர்கள் புதிய முறையில் நூற்றுக்கு 4 பேர், வழக்கமான ஸ்டெண்டில் 29 பேர். ஆனால் இது கைத்திறன் சார்ந்த வேலை. அடிக்கடி செய்து பழகிய குழுவிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும். இணைப்பு இடம் மாறினால் வயிற்றுக்குள் கசிவு ஏற்படும். வயிற்றில் நீர் மிகுதியாகக் கோத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் ஏற்றதன்று.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நாள்கணக்கில் வாந்தி எடுத்தவரின் உடலிலிருந்து நீரோடு அமிலமும் குளோரைடும் பொட்டாசியமும் வெளியேறியிருக்கும். பொட்டாசியம் குறைந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால் இரத்தத்தில் உப்புக்களின் அளவைப் பார்த்துச் சரிசெய்த பிறகே எண்டோஸ்கோப்பி அறைக்கு அழைத்துச் செல்வார்கள். தாமதிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பல வாரங்கள் சரியாக உண்ணாதவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்ற வைட்டமின் ஊசி போட வேண்டும் என்பதையும், உணவு மீண்டும் இறங்கத் தொடங்கும்போது அளவை மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று நிறைய உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து, அதுவே ஆபத்தாகிவிடும்.

பதில்: குளச்சல் கடலோரம்

சகோதரி, என் அம்மாவுக்குக் கணையத் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்து, அது முன்சிறுகுடலை நெருக்கியதால் ஸ்டெண்ட் வைத்தார்கள். நோய் வேறு என்றாலும் அடைப்பும் வாந்தியும் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் விஷயத்தில் முதலில் பித்தநாளத்தில் ஒரு ஸ்டெண்ட் வைத்துவிட்டு, அதன் பின்னர்தான் சிறுகுடலில் வைத்தார்கள். பித்தநாளம் திறக்கும் துளைக்கு மேலாகக் குடல் ஸ்டெண்ட் படிந்துவிட்டால், பின்னாளில் மஞ்சள் காமாலை வந்தாலும் அந்தத் துளையை அடைவது மிகக் கடினம் என்று மருத்துவர் படம் வரைந்து காட்டினார். உங்கள் அப்பாவுக்குக் கட்டி இரைப்பையின் வாயோடு நிற்பதால் இது தேவைப்படாமலே போகலாம். இருந்தாலும் ஸ்டெண்டின் கீழ்முனை எதுவரை போகும், பித்தநாளத் துளையை மூடுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்டெண்ட் வைத்த முதல் ஓரிரு நாட்கள் மேல்வயிற்றில் அழுத்துவது போன்ற வலி இருந்தது. அது விரியும்போது வரும் வலிதான் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், பிறகு அடங்கிவிட்டது. முதலில் தெளிந்த நீர், பிறகு உப்பிட்ட கஞ்சித் தெளிவு, இளநீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர் என்று கொடுத்தோம். அதன் பின் குழைய வேகவைத்து மிக்சியில் அடித்த சோறும், முள்ளெடுத்துப் பிசைந்த மீனும், தயிரும், இட்லியைப் பாலில் ஊறவைத்ததும் இறங்கின. நன்கு கனிந்த மட்டிப்பழத்தை நரம்பு நீக்கி மசித்துக் கொடுத்தபோது அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

தவிர்க்க வேண்டியவற்றில் நம் ஊர்ச் சமையலில் பாதி வந்துவிடும் என்பதால், வீட்டில் எல்லோருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். நார் உள்ள எதுவும் கூடாது. முருங்கைக்காய், கீரைத் தண்டு, அவியலில் போடும் சேனை, பனங்கிழங்கு, பலாச்சுளை, தேங்காய்த் துருவல், பயற்றுத் தோல், ஆரஞ்சுச் சுளையின் தோல், கடித்து இழுக்க வேண்டிய இறைச்சி ஆகியவையெல்லாம் கம்பி வலையில் சிக்கி நின்று, அதன் மேல் அடுத்தடுத்து உணவு தேங்கி அடைத்துவிடும். அப்பாவுக்கு மரச்சீனி பிடிக்கும் என்று தெரிகிறது. துண்டாகக் கொடுக்க வேண்டாம். நடுநரம்பை எடுத்துவிட்டு, மாவுபோல் வெந்த பகுதியை மட்டும் நிறைய மீன்சாறு விட்டுக் கரைத்து, அதுவும் மருத்துவர் அனுமதித்த பிறகு, சிறிதளவு கொடுத்துப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் வயிறு நிறையக் கொடுப்பதைவிட, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கிண்ணம் என்று கொடுப்பதே எங்களுக்கு ஒத்துவந்தது. உண்ணும்போதும் உண்ட பின்பும் நிமிர்ந்து உட்கார வைத்திருப்போம்; இடையிடையே வெதுவெதுப்பான நீரை ஒரு மிடறு குடிக்கச் சொல்வோம். மாத்திரைகளில் பொடிக்கக்கூடியவை எவை, பொடிக்கவே கூடாதவை எவை என்று மருந்தாளுநரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா அதன் பிறகு சில மாதங்கள் எங்களோடு இருந்தார்கள். பழையபடி சாப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூக்கில் குழாய் இல்லாமல், வாந்தியில்லாமல், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உண்டார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், தக்கலை

மக்களே, மருத்துவர் ஐயாவும் குளச்சல் தம்பியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். படுக்கையருகே நின்ற அனுபவத்தில் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

ரைல்ஸ் குழாயைப் பார்த்து அப்பா சங்கடப்படுவார், பிடுங்கிவிடச் சொல்லுவார். ஆனால் செயல்முறை முடியும்வரை அந்தக் குழாய்தான் அவருக்குக் காவல். இரைப்பை நிறையத் தேங்கிக் கிடக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். அதனால் முந்தின நாளே குழாய் வழியாக இரைப்பையை நன்றாகக் கழுவி எடுக்கச் சொல்லுங்கள். குழாயில் பெரிய உணவுத் துண்டுகள் அடைத்துக்கொண்டு, பையில் ஒன்றும் வடியாதபோது வயிறு காலியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. படுக்கையில் மெல்ல அசைத்தால் வயிற்றில் நீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் பணியிலிருக்கும் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். பையில் எவ்வளவு வடிந்தது என்பதையும், சிறுநீர் எவ்வளவு போனது என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தால், எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று கணக்கிட மருத்துவருக்கு உதவியாக இருக்கும். உதடு வறண்டு போகாமல் ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே இருங்கள். வாய் கொப்பளிக்க விடலாம். அதுவே அவருக்கு ஒரு பெரிய ஆறுதல்.

இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோப்பிடோகிரல் போன்ற மாத்திரை எதையும் அப்பா எடுத்துவந்தால் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சர்க்கரை நோய் மருந்தும் அப்படியே. உணவு இறங்காதபோது பழைய அளவிலேயே கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

அறுவை என்றதும் அம்மா அஞ்சுவது புரிகிறது. ஆனால் இந்த அறுவை நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. தென் திருவிதாங்கூர் என்று இந்த மண் அழைக்கப்பட்ட காலத்தில், முன்சிறுகுடல் புண் முற்றி இரைப்பையின் வாய் சுருங்கி, உண்டதெல்லாம் வாந்தியாகும் நிலையில் எத்தனையோ பேர் நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற 1922, 1924ஆம் ஆண்டுக் குழுக்களில் இருந்த சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் அங்கே பல்லாண்டுகள் தங்கி, இரைப்பை அறுவைக்குப் பெயர்பெற்றார். எங்கள் தலைமுறைச் செவிலியர் அவரைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தோம். இப்போது லேப்ராஸ்கோப்பி வழியாகச் சிறு துளைகளிலேயே இதைச் செய்கிறார்கள். ஆகவே, அறுவைதான் ஏற்றது என்று மருத்துவர் முடிவு செய்தால், அச்சத்தை மட்டும் காரணமாக்கி மறுக்க வேண்டாம். அப்பாவின் உடல்வலு எப்படி என்பதுதான் பார்க்க வேண்டியது: தானாக எழுந்து நடக்கிறாரா, பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே கிடக்கிறாரா, இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்பவற்றைத்தான் அறுவை மருத்துவர் முதலில் கேட்பார்.

குலசேகரம் மகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே படித்ததை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கேட்டேன். அடைப்பு ஓரிடத்தில் மட்டும்தான் என்றும், வயிற்றில் நீர் சிறிதளவே இருக்கிறது என்றும், பித்தநாளத் துளை ஸ்டெண்டுக்கு அப்பால்தான் இருக்கும் என்றும் சொன்னார். அப்பா இப்போது பெரும்பகுதி நேரம் படுக்கையிலேயே இருக்கிறார். ஆல்புமினும் மிகவும் குறைந்துவிட்டது. எனவே ஸ்டெண்டையே மருத்துவர் பரிந்துரைக்கிறார். அண்ணனும் இதைக் கேட்டபின் இசைந்துவிட்டான்.

மூடிய ஸ்டெண்ட், மூடாத ஸ்டெண்ட் என்று இரண்டு வகை சொன்னார்கள். அது என்ன என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. மீண்டும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதும், செலவும் மனத்தை அரிக்கின்றன. ஸ்டெண்ட் வைத்த பிறகு கீமோதெரபி கொடுக்க முடியுமா?

பதில்: வலி தணிப்புப் பராமரிப்புத் தன்னார்வலர், மார்த்தாண்டம்

செலவு பற்றி முதலில் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருந்தால், மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குச் சென்று, இந்தச் செயல்முறைக்கு முன் அனுமதி கிடைக்குமா, ஸ்டெண்டின் விலையும் அதில் அடங்குமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். செயல்முறைக் கட்டணம் வேறு, ஸ்டெண்டின் விலை வேறு என்பதால் பல குடும்பங்கள் கடைசி நேரத்தில் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரித்து வையுங்கள். எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போவதாக இருந்தால், உங்கள் அட்டை அங்கே செல்லுமா என்பதை வண்டி ஏறும் முன்னரே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. வலி தணிப்புப் பராமரிப்பு என்றாலே எல்லாம் கைவிட்ட பிறகு வருவது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஸ்டெண்ட் வைக்கும் இந்த நேரத்திலேயே அந்தக் குழுவோடு தொடர்பை ஏற்படுத்திக்கொள்வதுதான் நல்லது. வாய்வழி மாத்திரை இறங்காத நாட்களில் வலிக்குத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையோ, தோலடி ஊசியோ கொடுக்க முடியும். வாந்தியைக் கட்டுப்படுத்தவும் அவ்வாறே மருந்துகள் உண்டு. குடல் முழுமையாக அடைபட்டிருக்கும்போது, குடலை வேகமாக இயக்கும் வாந்தி மருந்துகள் வயிற்றை முறுக்கி வலியைக் கூட்டும் என்பதால், மருந்துக்கடையில் நீங்களாகவே எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். திருவனந்தபுரத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் வலி தணிப்புப் பராமரிப்புக்காகத் தொடங்கிய பாலியம் இந்தியா அமைப்பும் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை.

கடைசியாக, அப்பாவிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டி கரைந்துவிடும் என்று நம்பி ஸ்டெண்டுக்கு ஒப்புக்கொள்பவர், பிறகு சோறு இறங்கியும் உடல் தேறவில்லை என்று தனக்குள்ளேயே உடைந்துபோவதைக் கண்டிருக்கிறேன். நோயைப் போக்க அன்று, உணவு இறங்கவும் வாந்தி நிற்கவுமே இதைச் செய்கிறோம் என்பதை அவருக்குப் புரியும் சொற்களில் மருத்துவரைக் கொண்டே சொல்லச் செய்யுங்கள். ஒரு வாய் கஞ்சி இறங்கினால் போதும் என்று சொன்னவர் அவர்தான். அவருக்கு இதைத் தாங்கும் தெளிவு இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: குடல்நோய் மருத்துவர், நாகர்கோவில்

சகோதரி, உங்கள் மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். மூடாத ஸ்டெண்ட் என்பது வெறும் கம்பி வலை. அதன் கண்களுக்குள் சதை பதிந்துகொள்வதால் இடம் நகராமல் நிற்கும். ஆனால் அதே கண்கள் வழியாகக் கட்டியும் உள்ளே வளர்ந்து நாளடைவில் அடைக்கலாம். மூடிய ஸ்டெண்டில் வலையின் மேல் மெல்லிய உறை இருப்பதால் கட்டி உள்ளே வளர்வது குறையும். ஆனால் பிடிப்பு குறைவதால் நகர்ந்து கீழே இறங்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. உறையிட்டதைப் பித்தநாளத் துளைக்கு மேல் வைத்தால் பித்தம் தடைபடும் என்ற கவலையும் உண்டு. இரண்டில் ஒன்று எப்போதும் உயர்ந்தது என்று சொல்வதற்கில்லை; கட்டியின் இடத்தையும் வடிவத்தையும் பார்த்து உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுக்கட்டும்.

ஸ்டெண்ட் இருப்பவருக்குக் கீமோதெரபி கொடுக்கலாம். உணவு இறங்கி உடல் சற்றுத் தேறிய பின்னரே, அதைத் தாங்குவாரா என்று புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார். மருந்துக்குக் கட்டி சுருங்கினால், பிடிப்புத் தளர்ந்து ஸ்டெண்ட் நகரவும் கூடும் என்பதை அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

மீண்டும் அடைத்துக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருளன்று. உணவுத் துணுக்கு சிக்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்துவிடலாம். கட்டி உள்ளே வளர்ந்திருந்தால், பழைய ஸ்டெண்டுக்குள்ளேயே இன்னொன்றை வைக்க முடியும். பலருக்கு அது மீண்டும் வழியைத் திறந்துவிடுகிறது. அதற்கும் இடமில்லாத நிலை வந்தால், வயிற்றுச் சுவர் வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் வைத்துத் தேங்குவதை வெளியேற்றலாம். மூக்கில் குழாயோடு கிடப்பதைவிட அது எவ்வளவோ ஆறுதலானது; ஒரு மிடறு காப்பியோ கஞ்சித் தெளிவோ ருசிக்காகக் குடிக்கவும் அதில் வழியுண்டு.

வாந்தி மீண்டும் தொடங்கினால் ஓரிரு நாள் பார்க்கலாம் என்று காத்திராமல் உணவை நிறுத்திவிட்டு அழைத்து வாருங்கள். கண் மஞ்சளாகி, குளிரோடு காய்ச்சல் வந்தால் அது பித்தநாளத்தில் தொற்றாக இருக்கலாம். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ வாந்தியில் இரத்தம் கண்டாலோ உள்ளே இரத்தம் கசிகிறது. வயிறு திடீரென்று கல்லாக இறுகித் தாங்க முடியாத வலி வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். ஓட்டை விழுவது மிக அரிது. இவற்றில் எது வந்தாலும் இரவென்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். அப்போது பணியில் இருப்பவர் உங்கள் மருத்துவராக இருக்க மாட்டார். எனவே வீடு திரும்பும்போதே, ஸ்டெண்ட் எந்த வகை, எவ்வளவு நீளம், எந்தத் தேதியில், எங்கிருந்து எதுவரை வைக்கப்பட்டது என்பவை அடங்கிய அறிக்கையைக் கேட்டு வாங்கி, சி.டி. ஸ்கேன் படங்களோடு ஒரே உறையில் போட்டு, வீட்டில் யார் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள்.